துவர்ப்பைக் கசப்பென்று எழுதலாமா?

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு பதிப்பில், உணவுப் பக்கத்தில் வெளிவந்த பிரெஞ்சுச் சிவப்பு வைன் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை மகிழ்ச்சியோடும், இரண்டாம் தடவை கையில் பென்சிலோடும் வாசித்தேன். தமிழில் இப்படியொரு பொருளை எழுத முன்வந்த கட்டுரையாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் திராட்சைத் தோலிலும் தேயிலையிலும் உள்ள டனின் என்னும் பொருளின் சுவையை அவர் தொடக்கம் முதல் இறுதிவரை "கசப்பு" என்றே எழுதியிருக்கிறார். சிவப்பு வைனை "அறை வெப்பநிலையில்" பரிமாற வேண்டும் என்கிறார். சிவப்பு வைன் இறைச்சிக்கு, வெள்ளை வைன் மீனுக்கு என்னும் பழைய வாய்பாட்டை, எங்கள் கறிச்சட்டியை ஒருமுறையேனும் எட்டிப் பாராமல், அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். இவற்றை நம்பிக் காசு கொடுத்து ஒரு போத்தலை வாங்கிக் கொழும்பில் திறக்கும் வாசகர், வைன் என்றால் இவ்வளவுதானா என்று முகஞ்சுளித்து விட்டுவிடுவார் என்பதால் இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

நான் வைன் வியாபாரியல்லன். கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஏலத்துக்கு முந்திய நாள்களில், ஒரே காலையில் சில நூறு வெள்ளைக் கோப்பைகளுக்கு முன்னால் கரண்டியோடு நடப்பது எங்கள் வழக்கம். உறிஞ்சும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும். சாயம் காற்றோடு கலந்து அண்ணத்தின் பின்பக்கம் தெறித்தால்தான் அதன் மணம் உள்வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடுவோம். வைனைச் சுவைப்பவரும் இதையேதான் செய்கிறார். கொஞ்சம் மரியாதையாக உறிஞ்சுகிறார், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், எனக்கு வேலை பழக்கிய பெரியவர் இரண்டு கோப்பைகளை அடுத்தடுத்து நீட்டி, "தம்பி, எது நாக்கில துவருது, எது தொண்டையில கசக்குது எண்டு முதலில பிரிச்சுச் சொல்லும்" என்றார். ஒன்றில் இருந்தது நல்ல திம்புள்ளத் தேயிலை. மற்றதில் இருந்தது தொழிற்சாலையில் உலர்த்தும்போது கருகிப்போன சரக்கு. சுவைக்கும் அறையில் நாங்கள் பேசிய கலைச்சொற்கள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் அந்த ஒரு வேறுபாட்டை மாத்திரம் பெரியவர் எப்போதும் தமிழிலேயே கேட்பார், ஏனென்றால் தமிழில் கேட்டால் பையன்கள் குழம்பமாட்டார்கள்.

கசப்பு என்பது பாகற்காயும் வேப்பம்பூவும் தருவது. அது ஒரு சுவை, நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வது. துவர்ப்பு அதனினும் வேறானது. பாக்கு மென்றால், மாதுளைப் பிஞ்சைக் கடித்தால், வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்பக்கம் இழுபட்டு, பல்லுக்கும் உதட்டுக்கும் இடையில் வழுவழுப்பு இல்லாமற் போகிறதே, அதுதான் துவர்ப்பு. உமிழ்நீரை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களோடு டனின் ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்வதால் இது நேர்கிறது. அதனால் பலர் இதைச் சுவை என்பதைவிடத் தொடுகை என்றே கருதுகிறார்கள். ஆறு சுவைகளில் ஒன்றாகத் துவர்ப்பைத் தனியே எண்ணி, அதற்கென்று பெயரும் வைத்திருக்கும் மொழியில் எழுதிக்கொண்டு, அந்தப் பெயரைக் கைவிட்டுக் கசப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை என்ன? வைனைப் பற்றி எழுதுகின்ற வேறு மொழிக்காரர் பலருக்கு வாய்க்காத வசதி இது.

சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் திராட்சையின் தோலிலிருந்து வருகின்றன. கருந்திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலான வகைகளில் சாறு வெளிறித்தான் இருக்கும். தோலோடும் விதையோடும் ஊறவிட்டுப் புளிக்க வைக்கும்போதுதான் அது சிவக்கிறது, துவர்க்கிறது. ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும். பொர்தோப் பகுதியின் கபெர்னே சோவின்யோன் திராட்சை சிறியது, தோல் தடித்தது. ஆகவே துவர்ப்பு மிகுதி. அங்கேயே விளையும் மெர்லோ அதைவிட மென்மையானது. இரண்டையும் கலப்பது அவ்வூர் வழக்கம். பூர்கோன் பகுதியின் பினோ நுவார் தோல் மெல்லியது. அந்த வைனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பத்திரிகைக்கு மேலே பிடித்தால், பல சமயம் அடியிலுள்ள எழுத்தை வாசிக்கலாம். இளம் கபெர்னே எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், வாய் நிறைய நாவற்பழம் தின்றுவிட்டுக் கண்ணாடியில் நாக்கைப் பாருங்கள் என்பேன். அந்த ஊதா நிறம், அந்த வறட்சி, அதற்குள்ளே ஒளிந்திருக்கும் இனிப்பு மணம் மூன்றும் ஏறக்குறைய அதுவே.

டனினைத் துவர்ப்பென்று விளங்கிக்கொண்டால், உணவோடு சேர்க்கும் கணக்கில் பாதி தானாகவே விளங்கிவிடும். வெறுந் தேநீர் நாக்கை இழுக்கிறது. அதே சாயத்தில் பாலை ஊற்றினால் இழுப்பு அடங்கிவிடுகிறது. உமிழ்நீரோடு ஒட்டவேண்டிய டனின், பாலிலுள்ள புரதத்தோடு முன்னதாகவே ஒட்டிக்கொள்வதே காரணம். கொழுப்பும் புரதமும் உப்பும் உள்ள ஆட்டிறைச்சி, துவர்ப்பு மிகுந்த பொர்தோ வைனுக்குச் செய்வதும் ஏறத்தாழ இந்த வேலையைத்தான். ஆகவே சிவப்பு வைனுக்கு இறைச்சி என்ற வாய்பாடு பிறந்த இடத்தில் பிழையில்லை. அது பிறந்த இடத்து இறைச்சி உப்பும் மிளகும் தூவி நெருப்பில் வாட்டியது. எங்களுடையது மிளகாய்த்தூளில் குளித்து எழுந்தது என்பதுதான் சிக்கல்.

இதை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். பாரிசில் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்யும் என் தங்கையின் மகன், சென்ற மாதம் விடுமுறையில் வந்தபோது இரண்டு போத்தல் வைன் கொண்டுவந்தான்: ஒன்று பொர்தோவின் மெடொக், மற்றது ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடபகுதியைச் சேர்ந்த க்ரோஸ் எர்மிட்டாஜ். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறியும் கருவாடும் வாங்கி யாழ்ப்பாணச் சாப்பாடு சாப்பிடுகிறவன், வேலையிடத்தில் வைனோடு புழங்குகிறவன். இரண்டும் தெரிந்தவன் என்று நானும் நம்பினேன். சனிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் மின்விசிறி சுழல, புட்டும், யாழ்ப்பாணத் தூள் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலும் மேசைக்கு வந்தன. மெடொக்கைத் திறந்தான். முதல் மிடறு வெறும் வாயில் நன்றாகவே இருந்தது: நாவற்பழ மணம், பென்சில் சீவினால் எழும் மரத்தூள் மணம், பின்னால் கொஞ்சம் ஈரமண். அதன் பிறகு ஒரு துண்டு இறைச்சியைத் தின்றுவிட்டு இரண்டாவது மிடறு குடித்தோம். வாய் பற்றி எரிந்தது. பழமும் மணமும் போன இடம் தெரியவில்லை. மிஞ்சியது துவர்ப்பும் காந்தலும் மாத்திரமே. "மாமா, இது வைன் இல்லை, சுடவைச்ச சாராயம்" என்றான் மருமகன். பிறகு என் மனைவியைப் பார்த்து, "மாமி, அடுத்த முறை தூளைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்றான். "அப்ப அதுக்குப் பேர் கறியில்லைத் தம்பி" என்று அவர் சொல்லிவிட்டார். இந்த வழக்கில் நான் மனைவியின் பக்கம். விருந்தாளிதான் வீட்டுக்கு ஏற்ப நடக்க வேண்டும்.

அன்றிரவு நடந்ததற்குக் காரணங்கள் இரண்டு. மிளகாயின் எரிவைத் தரும் பொருள் எந்த நரம்பு வாயிலைத் தட்டுகிறதோ, அதே வாயிலை மதுசாரமும் தட்டுகிறது. ஆகவே மதுசாரம் மிகுந்த வைன் மிளகாய் எரிவுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. எரிந்துகொண்டிருக்கும் நாக்கில் துவர்ப்பு இன்னும் கரடுமுரடாகத் தோன்றும். இது முதற்காரணம். இரண்டாவதை என் பழைய தேயிலை வெப்பமானி சொன்னது. கிண்ணத்துக்குள் அதை இறக்கிப் பார்த்தேன். 29 பாகை செல்சியஸ்.

"அறை வெப்பநிலை" என்ற சொல்லுக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் இதைச் சொன்ன காலத்தில், அவர்களுடைய கல்வீட்டுச் சாப்பாட்டு அறை 16 முதல் 18 பாகை வரைதான் இருந்தது. ஏறக்குறைய 12 பாகையிலுள்ள நிலவறையிலிருந்து போத்தலை எடுத்து, முன்கூட்டியே அறையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்வதையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். கொழும்பில் அதே சொல்லை நம்பினால், வைனை அதற்கு உகந்த அளவிலும் 12 பாகை கூடுதலான சூட்டில் குடிக்க நேரும். அந்தச் சூட்டில் மதுசாரம் ஆவியாக எழுந்து மூக்கை அடைத்துவிடும். பழத்தின் மணம் அதன் பின்னால் நிற்கும். சங்கப் புலவர் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைத் "தண்கமழ் தேறல்" என்று புறநானூற்றில் பாடுகிறார். குளிர்ந்திருந்தது, அதனால் கமழ்ந்தது என்று நான் அதற்குப் பொருள் கொள்வேன். புலவர்கள் என் உரையை ஏற்பார்களோ தெரியாது. வெப்பநாட்டில் வாழ்ந்த மன்னனுக்கு அதைக் குளிர்வித்துக் கொடுக்க வேண்டுமென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இதற்குப் பெரிய வசதி எதுவும் வேண்டியதில்லை. ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் போத்தலைக் கழுத்தளவு அமிழ்த்தினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 17, 18 பாகைக்கு இறங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் ஒன்றரை மணித்தியாலம் வரை ஆகும். ஐஸை மாத்திரம் போட்டால் போத்தலைச் சுற்றிக் காற்றுத்தான் நிற்கும், தண்ணீர் கட்டாயம். ஆனால் மெடொக் போன்ற துவர்ப்பான வைனை அளவுக்கு மிஞ்சிக் குளிர்வித்தால் துவர்ப்பு முரண்டு பிடிக்கும், மணம் மூடிக்கொள்ளும். 13, 14 பாகை வரை இறக்கக்கூடியவை போஜொலே போன்ற மெல்லிய வைன்கள் மாத்திரமே.

மருமகன் மீதி மெடொக்கைத் தக்கையால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். மறுநாள் மத்தியானம் என் மனைவி மிளகாய்த்தூளைத் தொடாமல், உப்பும் இடித்த மிளகும் உள்ளியும் மாத்திரம் சேர்த்து, ஆட்டு விலாவைக் கொழுப்போடு வறுத்துத் தந்தார். வைன் 17 பாகையில் இருந்தது. முந்திய இரவு எங்களைத் துரத்திய அதே போத்தல், விலாவின் கொழுப்புக்குப் பின்னால் பாலூற்றிய தேநீர் போல அடங்கி வந்தது. பழம் திரும்பி வந்திருந்தது. அதே தட்டில் ஓரமாக இருந்த வாழைப்பூ வறையை நான் ஆசைப்பட்டு எடுத்துத் தின்றதுதான் பிழை. துவர்ப்பின் மேல் துவர்ப்பு ஏறி, நாக்கில் மரத்தூள் அப்பியது போல் ஆயிற்று.

அன்றே இன்னொரு சோதனையும் தற்செயலாக நடந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து அறக்குளா மீன் பொரியல் வந்தது. கட்டுரையாளரின் வாய்பாட்டை மீறிப் பார்ப்போம் என்று அதைத் தின்றுவிட்டு மெடொக்கைக் குடித்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கியது போன்ற ஒரு சுவை எழுந்தது. இந்த இடத்தில் பழைய வாய்பாடு சரிதான், ஆனால் காரணம் நிறமன்று. யப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வைனில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் இரும்புச் சத்தே கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து இந்த மீன்வாடையை எழுப்புகிறது என்று காட்டினார்கள். இரும்பு குறைந்த சிவப்பு வைன் மீனோடு சண்டை பிடிக்காது. இரும்பு கூடிய வெள்ளை வைன் பிடிக்கும். போத்தலின் ஒட்டுத்தாளில் இரும்பின் அளவைப் போடமாட்டார்கள் என்பதால், வாங்குபவர் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வீட்டில் பின்னர் போஜொலே ஒன்றை 13 பாகையில் வைத்துத் தேங்காய்ப்பால் விட்ட கணவாய்க் கறியோடு குடித்தபோது, ஒரு பிணக்கும் நேரவில்லை. கமே என்னும் திராட்சையில் செய்யப்படும் அந்த வைனில் துவர்ப்பு குறைவு, பழப் புளிப்பு கூட. அந்தப் பகுதியில் திராட்சைக் குலைகளை நசுக்காமல் முழுதாகவே தொட்டியில் அடைத்து, பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கவிடும் முறை பரவலாக உள்ளது. தோலிலிருந்து நிறம் இறங்கும் அளவுக்குத் துவர்ப்பு இறங்காது.

ஆனால் என்னை உண்மையில் வியக்க வைத்தது க்ரோஸ் எர்மிட்டாஜ்தான். அது சிரா திராட்சையின் வைன். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும், அம்மியில் மிளகு இடிக்கும்போது எழும் அதே மணம். கற்பனை என்று நினைத்து மறுபடி முகர்ந்தேன், மிளகேதான். கருமிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரொட்டுண்டோன் என்னும் பொருளே சிரா திராட்சையின் தோலிலும் இருப்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008 இல் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அந்த மணம் தெரியாது என்பதும் அதே ஆய்வில் வெளிவந்தது. எங்கள் மேசையில் மருமகனுக்கு அது தெரியவேயில்லை. பாரிசில் சமையற்காரன் என்று பெயர்! மிளகாய் இந்நாட்டுக்கு வந்தது போர்த்துக்கேயர் காலத்தில். அதற்கு முன் எங்கள் சட்டியில் கார்ப்பு என்றால் மிளகுதான். அந்த ஞாயிறு இரவு என் மனைவி மிளகு கூட்டி, முதற்பால் விட்டு இறக்கிய கோழிக்கறியை இடியப்பத்தோடு வைத்தார். வைனின் மிளகும் கறியின் மிளகும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டன. தேங்காய்ப்பாலின் கொழுப்பு காரத்தையும் துவர்ப்பையும் சேர்த்தே தணித்தது. எங்கள் சமையலில் பிரெஞ்சுச் சிவப்பு வைனுக்கு ஒரு சொந்த இடம் உண்டென்றால், அது இந்தப் பால் விட்ட மிளகுக் கறிகளில்தான் என்பது என் கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழப்புளி தூக்கலாக விட்ட குழம்போடு எந்தச் சிவப்பு வைனும் சப்பென்று போய்விடும். உணவின் புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சக்கூடாது. மாசி போட்ட சம்பல் துவர்ப்பை முறுக்கிவிடும். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், பொரித்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு தென் ரோன் பகுதியின் கிரெனாஷ் கலந்த வைனைச் சற்றுக் குளிர வைத்து முயலலாம். வட்டிலப்பத்தோடு தயவுசெய்து எதையும் குடிக்க வேண்டாம். இனிப்புக்குப் பின் சிவப்பு வைன் மருந்துக் கஷாயம்.

பிரெஞ்சுப் போத்தலின் ஒட்டுத்தாளில் திராட்சையின் பெயர் பல சமயம் இல்லை, ஊரின் பெயர்தான் இருக்கிறது, அதனால் வாங்குபவர் குழம்புகிறார் என்று கட்டுரையாளர் வருந்துகிறார். இலங்கைத் தேயிலை வாங்குபவர் இதில் குழம்பக்கூடாது. நாங்களும் செடியின் வகையைச் சொல்லியா விற்கிறோம்? ஊவா என்கிறோம், திம்புள்ள என்கிறோம், நுவரெலியா என்கிறோம். சொன்ன மாத்திரத்தில் வாங்குபவருக்கு மலையின் உயரமும், காற்று வீசும் மாதமும், கோப்பையின் நிறமும் தெரிந்துவிடும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று மலையைக் கடந்து உலர்ந்து வீசும்போது பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தத் தனி மணம், அதே தோட்டத்தில் மார்கழியில் பறித்தால் வராது. மெடொக் என்றால் கபெர்னே முன்னிற்கும் கலவை, போஜொலேயின் மோர்கொன் என்றால் கமே, க்ரோஸ் எர்மிட்டாஜ் என்றால் சிரா என்று பத்துப் பெயரை மனத்தில் வைத்தால் போதும். பொர்தோவின் புகழ்பெற்ற 1855 ஆம் ஆண்டுத் தரப்பட்டியலை, மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக எழுதிக் கொடுத்தவர்கள் தரகர்களே. நீண்ட காலமாகச் சந்தையில் கிடைத்து வந்த விலையை வைத்தே தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். தரகர் வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கொழும்பின் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30. ஊர்ப் பெயரைப் பாதுகாக்கும் பிரெஞ்சு வைன் சட்டம் பிறப்பிக்கப்பட்டது 1935 ஜூலை 30. நாள் ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

கட்டுரையில் விடுபட்டதும், இந்நகரில் முக்கியமானதும் வேறொன்று. மேலே சொன்ன போஜொலேயை நான் இங்கேதான் வாங்கினேன். முதலில் வாங்கிய போத்தல் ஒரு கடையில் வெயில் விழும் கண்ணாடிப் பக்கத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்கை மேலுறையை ஒரு நெல்லளவு மேலே தள்ளிக்கொண்டிருந்தது. உறையைக் கிழித்தபோது கழுத்தில் பிசுபிசுப்பு. உள்ளே இருந்தது காய்ச்சிய பழப்பாகின் மணம், விளிம்பில் பழுப்பு. கடைக்காரரிடம் காட்டியபோது, பழைய வைன்தானே ஐயா விலை கூட என்றார். போஜொலே இளமையிலேயே குடிப்பதற்கென்று செய்யப்படுவது என்று விளக்கினேன். பலனில்லை, காசும் திரும்பவில்லை. வாங்கும் வாசகர் போத்தலைச் சாய்த்துப் பார்த்து, தக்கை மட்டமாக இருக்கிறதா, வைனின் மட்டம் கழுத்திலிருந்து கீழே இறங்கியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். குளிரூட்டிய இடத்தில், படுக்கையாக வைத்திருக்கும் கடையே நல்ல கடை. நின்ற நிலையில் நெடுநாள் இருந்தால் தக்கை உலர்ந்து காற்று உள்ளே புகும். திறந்த போத்தலில் மீதி இருந்தால் சிவப்பு வைனாயினும் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். மூன்று நாளுக்குமேல் வைத்தால் சமையலுக்குத்தான் உதவும்.

எந்தத் தயாரிப்பாளரின் பெயரையும் நான் எழுதவில்லை. மதுசார விளம்பரத்தை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஊர்ப் பெயர்களே போதும். குடிக்காதவர் எவரும் இதை வாசித்துவிட்டுத் தொடங்க வேண்டியதுமில்லை. சிவப்பு வைன் இதயத்துக்கு மருந்து என்ற ஒரு வரியும் கட்டுரையில் இருக்கிறது. மதுசாரத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்துவிட்டது. ஆகவே அந்த வரியை மருத்துவப் பக்கத்தாரிடம் காட்டியிருக்கலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு திருத்தம் வெளியிடுவதாயின் என் பென்சில் கணக்கைத் தருகிறேன். "அறை வெப்பநிலை" என்று வரும் இரண்டு இடங்களிலும் 16 முதல் 18 பாகை என்று போடலாம். "கசப்பு" என்ற சொல் எட்டு இடங்களில் வருகிறது. அவற்றுள் ஏழு இடங்களில் துவர்ப்பு என்று இருக்க வேண்டும். எட்டாவது, திராட்சை விதையைப் பல்லால் கடித்தால் என்ன சுவை வரும் என்பது பற்றிய வரி. அங்கே கட்டுரையாளர் எழுதிய கசப்பு சரியானதே, அதைத் தொட வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தேயிலைச் சுவைப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.